சொத்துக்குவிப்புப் புகார்: முதல் காகிதத்திலிருந்து கடைசி வாய்தா வரை

1996 ஜூன் 14. தமிழ்நாட்டில் ஆட்சி மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் சுப்பிரமணியன் சுவாமி ஒரு தனிநபர் புகார் மனுவைக் கொடுத்தார். 1991 முதல் 1996 வரை முதல்வராக இருந்த ஜெயலலிதா வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்திருக்கிறார் என்பது புகார். ஜூன் 21 அன்று நீதிமன்றம் விசாரிக்கச் சொன்னது. செப்டம்பர் 18 அன்று லஞ்ச ஒழிப்புத்துறை எஃப்.ஐ.ஆர். போட்டது. உச்ச நீதிமன்றத்தின் கடைசித் தீர்ப்பு வந்த நாள் 2017 பிப்ரவரி 14. இடையில் இருபது வருஷமும் எட்டு மாதமும் ஓடிவிட்டன.

அதிகாரத்தில் இருப்பவர் மீது பணமோசடிப் புகார் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களை முதலில் இந்த வழக்கின் தீர்ப்புகளைப் படிக்கச் சொல்வேன். ஒரு வழக்கில் என்னவெல்லாம் நடக்குமோ அத்தனையும் இதில் நடந்திருக்கிறது. சாட்சிகள் மாறினார்கள், வழக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனது, தண்டனை வந்தது, விடுதலை வந்தது, மறுபடி தண்டனை உறுதியானது. இத்தனைக்கும் நடுவில் வழக்கைத் தாங்கி நின்றது 1997இலேயே குற்றப்பத்திரிகையோடு நீதிமன்றத்துக்குள் போய்விட்ட காகிதங்களும், வழக்கை விட்டு நகராமல் நின்ற சிலரும்தான்.

நான் வக்கீல் இல்லை. புகார் எழுதுகிறவர்களுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுக்கிறவன். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே செய்ய வேண்டிய வேலையும், புகார் போன பிறகு செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டப் பிரிவுகள் தமிழ்நாட்டில் இன்று நடப்பில் உள்ளபடி.

1. என்ன குற்றம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ஊழல் செய்துவிட்டார்" என்று மட்டும் சொன்னால் வழக்கு வராது. ஒரு பிரிவுக்குள் அடங்கும்படி சொல்ல வேண்டும். அரசியல்வாதிகள் மீதான பணக் குற்றங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, காசு வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்து கொடுப்பது. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு இதற்கு. மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. இரண்டாவது, டெண்டர், ஒதுக்கீடு, உரிமம் என்று அரசாங்க முடிவுகளில் நடக்கும் மோசடி. மூன்றாவது, பதவிக் காலத்தில் கணக்கில் வராத சொத்து சேர்ப்பது. இது 13(1)(பி) பிரிவு. தண்டனை நான்கு முதல் பத்து வருஷம்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். லஞ்சம் கொடுத்ததைப் பார்த்தவர் வேண்டும், அல்லது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பெரிய இடத்தில் அது நடப்பதில்லை. டெண்டர் விஷயத்தில் கோப்பு முழுக்க அரசாங்கத்திடம் இருக்கிறது. அங்கே அரசுக்கு இழப்பு என்பது ஒன்று, குற்றம் என்பது வேறொன்று. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் தணிக்கைத் துறை 2010இல் சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு நாட்டையே உலுக்கியது. ஆனால் 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. தணிக்கை அறிக்கை எங்கே தேட வேண்டும் என்று காட்டும். குற்றத்துக்கான சாட்சியம் தனியே வேண்டும்.

சொத்துக்குவிப்பு அப்படி இல்லை. அது கூட்டல் கழித்தல் கணக்கு. சொத்து பத்திரத்தில் இருக்கிறது, பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. வருமானத்துக்கு மேல் சொத்து இருப்பதை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது எப்படி வந்தது என்று சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது.

2. கணக்கைப் போடத் தெரிந்துகொள்ளுங்கள்

அரைமணி நேரத்தில் புரியும். முதலில் ஒரு காலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெயலலிதா வழக்கில் அது 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த சொத்து, முடிவில் இருந்த சொத்து, இடையில் வந்த வருமானம், இடையில் ஆன செலவு ஆகிய நான்கு எண்கள் போதும். காலத்துக்குள் கூடிய சொத்தோடு செலவைக் கூட்டுங்கள், வருமானத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் கணக்கில் வராதது.

அந்த வழக்கில் 1997 ஜூன் 4 அன்று தாக்கலான குற்றப்பத்திரிகை 66.65 கோடி ரூபாய் என்று சொன்னது. பெங்களூரு சிறப்பு நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஒவ்வொரு கட்டடமாக, ஒவ்வொரு நகையாக மதிப்பைப் பரிசீலித்து நிறையக் குறைத்தார். சொத்து 55.02 கோடி, செலவு 8.49 கோடி, வருமானம் 9.91 கோடி என்று நிர்ணயித்தார். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்துப் பாருங்கள்: 53.60 கோடி. 2014 செப்டம்பர் 27 அன்று நான்கு வருஷச் சிறையும் 100 கோடி அபராதமும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் விதிக்கப்பட்டன. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, சுதாகரன், இளவரசி மூவருக்கும் அதே நான்கு வருஷமும் ஆளுக்கு 10 கோடி அபராதமும்.

செலவு என்பதை அலட்சியம் செய்யாதீர்கள். 1995 செப்டம்பரில் நடந்த வளர்ப்பு மகன் சுதாகரன் திருமணத்துக்கு 6.45 கோடி செலவு என்றது அரசுத் தரப்பு. நீதிபதி 3 கோடியை ஏற்றுக்கொண்டார். பாதிக்கு மேல் அடிபட்டும் வழக்கு நின்றதென்றால், மீதி எண்கள் உறுதியாக இருந்ததால்தான். நீங்களும் எண்ணைக் குறைத்தே போடுங்கள். மூன்று கோடி பெறும் வீட்டை ஐந்து கோடி என்று எழுதினால், அதை உடைப்பதிலேயே எதிர்த்தரப்பு ஒரு வருஷம் ஓட்டிவிடும்.

3. காகிதம் சேர்ப்பது

இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு அனுப்பிய புகார் ஒருமுறை "முகாந்திரம் இல்லை" என்று மூடப்பட்டுவிட்டால், அடுத்த புகாரோடு அந்தப் பதிலும் சேர்ந்தே வரும்.

தொடக்கம் வேட்புமனுப் பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26இல் தன் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி அல்லது கணவன், தன்னைச் சார்ந்தவர்கள் பெயரில் உள்ளதும் அதில் வரும். வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்து வருஷ வருமானம் இருக்கும். நிலத்துக்கு சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒரே ஆளின் 2011, 2016, 2021 பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு பத்திரத்தில் இருந்த நிலம் அடுத்ததில் காணாமல் போயிருக்கும். ஆனால் விற்ற பணம் எங்கும் வந்திருக்காது. இப்படி ஓரிடம் கிடைத்தாலே புகாருக்கு ஒரு பத்தி தேறிவிடும்.

அடுத்து வில்லங்கச் சான்று. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணையும் ஊரையும் கொடுத்தால் அந்த நிலம் யார் யார் கைக்கு எப்போது மாறியது என்று பார்க்கலாம். ஆளின் பெயரை வைத்துக்கொண்டு தேட முடியாது, எண் கையில் வேண்டும். அதனால்தான் பிரமாணப் பத்திரத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். பட்டா, சிட்டாவை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி மனுப் போடுங்கள். "உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவைச் சொல்லுங்கள். சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம்.

சர்வே எண்ணில் ரொம்பக் கவனமாக இருங்கள். நான் உதவி செய்த ஒரு புகாரில் 114/2ஏ என்று இருக்க வேண்டியதை 114/2பி என்று தட்டச்சு செய்துவிட்டோம். ஒரே ஓர் எழுத்து. விசாரணைக்குப் போனவர்கள் அந்த உட்பிரிவைப் போய்ப் பார்த்தார்கள். அது வேறு யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு. புகாரில் இருந்த மற்ற பதினோரு நிலங்களும் சரிதான், ஆனாலும் அறிக்கையின் முதல் பத்தியில் அந்தத் தென்னந்தோப்புதான் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துச் சரிசொல்லி, அப்புறம்தான் கையெழுத்து என்று வைத்திருக்கிறோம்.

கம்பெனிகளுக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்கள், இயக்குநர்கள், வரவு செலவு எல்லாம் திறக்கும்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில், வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதன் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி செய்துவிட்டது. அதனால் "அமைச்சரின் சொத்து விவரம் தருக" என்று கேட்காதீர்கள். அவருக்கு அரசு கொடுத்த சம்பளம், படி, பயணச் செலவு ஆண்டுவாரியாக எவ்வளவு என்று கேளுங்கள். அது பொதுப்பணம். உங்கள் கணக்கில் வருமானப் பக்கத்துக்கு அந்த எண்தான் வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டில் பொதுநலனைச் சொல்லும் 8(2) பிரிவைக் குறிப்பிடுங்கள். ஜெயலலிதா தன் முதல் ஆட்சியில் மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார் என்பதும் இப்படியொரு வருமானப் பக்க விவரம்தான்.

இணையத்திலிருந்து எடுத்த பக்கங்களை வெறும் பிரிண்ட் எடுத்து வைக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கணினியில், யார் எடுத்தது என்று அன்றே குறித்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூன்று வருஷம் கழித்து அதை நினைவிலிருந்து எழுத முடியாது.

4. வேறொருவர் பெயரில் இருக்கும் சொத்து

புகார்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "அது பினாமி, ஊருக்கே தெரியும்" என்பார்கள். ஊருக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்குத் தெரியாது. பெயர் வைத்திருப்பவருக்குச் சொந்தமாக வாங்கும் சக்தி இல்லை, பணம் இவர் பக்கமிருந்து போயிருக்கிறது, சொத்தை அனுபவிப்பது இவர்தான் என்கிற மூன்றையும் காட்ட வேண்டும்.

ஜெயலலிதா வழக்கில் இந்தப் பகுதியை ஊன்றிப் படியுங்கள். நால்வரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரே நாளில் பத்து நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வியாபாரமே இல்லை, ஆனால் கணக்குகளுக்கு இடையே பணம் ஓடிக்கொண்டே இருந்தது. சார்பதிவாளர் போயஸ் தோட்டத்து வீட்டுக்கே போய்ப் பத்திரம் பதிந்ததும், வாங்குபவர் பெயர் எழுதாமலே பதிவான பத்திரங்களும் சாட்சியத்தில் வந்தன. வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும் ஒரு பத்திரம் எத்தனை பேச்சுக்குச் சமம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களால் வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாது. அது புலனாய்வு அதிகாரியின் வேலை. அவர் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடிந்தால் போதும். கம்பெனியின் பதிவு முகவரியும் அமைச்சரின் உறவினர் வீட்டு முகவரியும் ஒன்றா? இயக்குநரின் முந்தைய வேலை என்ன? நிலம் வாங்கிய ஆண்டில் கம்பெனி காட்டிய வருமானம் எவ்வளவு? இவை எல்லாம் பொது ஆவணங்களிலேயே கிடைக்கும். பிரமாணப் பத்திரத்தில் தம்பி, மைத்துனன், சம்பந்தி சொத்து வராது. அந்த இடைவெளியை இப்படித்தான் நிரப்ப முடியும்.

5. புகாரை எழுதுவது

நாலு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். யார், எந்தப் பதவி, எந்தக் காலம், நான்கு எண்களின் அட்டவணை, சொத்துவாரியாக இணைப்பு எண், கேட்கும் நடவடிக்கை. அவ்வளவுதான். கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "கொள்ளையடித்தார்" போன்ற சொல் வேண்டாம். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததையும் ஆவணத்திலிருந்து தெரிந்ததையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம். ஆனால் நல்லெண்ணத்தோடு, விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதே விஷயத்தை முதலில் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டு அப்புறம் புகார் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே மெலிதாக்கிக் கொள்கிறீர்கள். முதலில் புகார், பிறகு மற்றது.

நீங்கள் எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் கவலைப்பட வேண்டாம். புகார் கொடுத்த சுவாமியும், பின்னால் வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கேட்ட தி.மு.க.வின் க. அன்பழகனும் ஜெயலலிதாவின் அரசியல் எதிரிகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீதிமன்றம் பார்த்தது கணக்கைத்தான். யார் வேண்டுமானாலும் குற்றவியல் சட்டத்தை இயக்கலாம் என்று 1984இல் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் ஏ.ஆர். அந்துலே மீதான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. எங்கே கொடுப்பது

மாநில அமைச்சர், எம்.எல்.ஏ. என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மக்கள் லஞ்ச ஒழிப்புத்துறை என்பது இதைத்தான். தலைமையகம் சென்னை ஆலந்தூரில். மத்திய அமைச்சர், எம்.பி. என்றால் லோக்பால், குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து ஏழு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி லோக் ஆயுக்தா இருக்கிறது. ஆனால் சொத்துக்குவிப்புக்கு நேராக லஞ்ச ஒழிப்புத்துறைக்கே போவது நல்லது என்பது என் கருத்து.

கையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால், 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், பதிவும் ஒப்புகையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசீதுதான் பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் முதல் இணைப்பு.

இரண்டு அனுமதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் வந்த 17ஏ பிரிவு, அலுவல் முறையில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை தொடர்பான குற்றமாக இருந்தால், விசாரணை தொடங்கவே முன் அனுமதி வேண்டும் என்கிறது. சொத்து சேர்ப்பது அலுவல் முடிவு ஆகாது என்ற வாதம் இங்கே உங்களுக்குக் கை கொடுக்கும். சொத்துக்குவிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். அடுத்தது 19ஆவது பிரிவு. விசாரணை முடிந்து நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு இசைவாணை வேண்டும். அமைச்சர் என்றால் ஆளுநர். பதவியை விட்டு இறங்கியவருக்கும் இப்போது இது பொருந்தும். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், ஒரு மாதம் நீட்டிக்கலாம். 2012 ஜனவரி 31 அன்று, தனிநபரும் இசைவாணை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு, தனிநபர் முதலில் நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, நீதிமன்றம் அதைத் தள்ளாமல் இசைவாணை வாங்கி வரச் சொன்னால்தான் விண்ணப்பிக்க முடியும்.

7. அசைவே இல்லையென்றால்

நேரே ஹைகோர்ட்டுக்கு ஓடாதீர்கள். மாற்று வழி இருக்கும்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், கையிலிருக்கும் பணமும் கரையும்.

லலிதா குமாரி வழக்கின் 2013 தீர்ப்புப்படி, குற்றம் தெரிகிற புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். ஆனால் ஊழல் புகாரில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். நியாயமான காலம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவில் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் 175(3) பிரிவில் நீதிமன்றத்தில் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். மேலதிகாரிக்கு அனுப்பிய ரசீது இல்லாமல் இந்த மனு நிற்காது. ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு என்பதால் போக வேண்டியது சிறப்பு நீதிபதியிடம். இந்தக் கட்டத்திலிருந்து வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

8. வழக்கைக் காப்பது

எஃப்.ஐ.ஆர். வந்ததும் பலர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

ஜெயலலிதா 2001இல் மறுபடி ஆட்சிக்கு வந்தார். அவர் மீதான வழக்கை நடத்த வேண்டிய போலீசும் அரசு வழக்கறிஞரும் அவருடைய அரசாங்கத்தின் கீழ் வந்தார்கள். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்த 76 பேர் குறுக்கு விசாரணைக்கு மறுபடி அழைக்கப்பட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவித்து மடக்க வேண்டிய அரசு வழக்கறிஞர் அதைச் செய்யவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேரில் கேட்க வேண்டிய கேள்விகள், கேள்வித்தாளாக வீட்டுக்குப் போயின. இதையெல்லாம் நீதிமன்ற ஏட்டிலிருந்தே எடுத்துக் காட்டி அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது.

அன்பழகன் புதிதாக எந்த ஆதாரத்தையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார், யார் கேட்கவில்லை என்று ஏட்டில் இருந்ததைத் தொகுத்தார். அந்தத் தொகுப்புதான் மனு. உங்களுக்கும் இதுதான் வழி. வாய்தா நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, நீதிபதி, யார் ஆஜரானார், என்ன நடந்தது, எதற்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு வரி போதும். மாதாமாதம் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.

சாட்சிகள் விஷயத்தில் முன்கூட்டியே செய்யக் கூடியவை இரண்டு. ஒன்று, முக்கியமான சாட்சிகளின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 183ஆவது பிரிவில் பதியச் சொல்லிப் புலனாய்வு அதிகாரிக்கு எழுதுங்கள். சத்தியம் செய்து சொன்னதை அப்புறம் மாற்றுவது எளிதல்ல. இரண்டு, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம். மிரட்டல் வந்தால் மாவட்ட அளவில் அதற்கான அதிகார அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கே மிரட்டல் வந்தாலும் அப்படியே. மிரட்டல் வந்த அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

சமரசம் என்று ஓர் ஆபத்தும் உண்டு. செந்தில் பாலாஜி போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில் வேலைக்குப் பணம் வாங்கியதாக எழுந்த வழக்கு ஒன்றில், பணம் கொடுத்தவர்கள் சமரசமாகிவிட்டோம் என்று சொல்ல, 2021இல் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வேலை கிடைக்காமல் போன ஒருவர் விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். ஊழல் என்பது இரண்டு பேருக்கு இடையிலான தகராறு ஆகாது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது என்று 2022 செப்டம்பர் 8 அன்று தீர்ப்பு வந்து வழக்கு உயிர்பெற்றது. அந்த வழக்கை விசாரித்து முடித்துத் தீர்ப்பு வரும்வரை செந்தில் பாலாஜி குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. ஆனால் நமக்கு வேண்டியது இதுதான்: மற்ற புகார்தாரர்கள் விலகினாலும் நீங்கள் ஒருவர் நின்றால் வழக்கைத் தூக்கி நிறுத்த முடியும்.

9. தீர்ப்பு வந்தால் கால்குலேட்டரை எடுங்கள்

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. சொத்து 37.59 கோடி, வருமானம் 34.76 கோடி, வித்தியாசம் 2.82 கோடி. அதாவது 8.12 சதவீதம், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பது பழைய கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கின் அளவுகோல். எல்லாம் முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள்.

தீர்ப்பில் கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பத்து வரி. கீழே மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று போட்டிருந்தது. அந்தப் பத்து வரியைக் கூட்டினால் வருவது 10,67,31,274 ரூபாய். பதின்மூன்றரைக் கோடி அதிகம். இந்த ஒரு கூட்டலைத் திருத்தினாலே வருமானம் 21.26 கோடியாக இறங்கி, கணக்கில் வராத சொத்து 76 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். தீர்ப்பு வந்த ஓரிரு நாளிலேயே இது வெளியே வந்தது. சிறப்பு அரசு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா எடுத்துச் சொன்னார், கர்நாடக அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2017 பிப்ரவரி 14 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் அமர்வு டி'குன்ஹாவின் தீர்ப்பையே மீட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள்.

ஆகவே விடுதலைத் தீர்ப்பு வந்தால் முதல் வாரத்திலேயே முழுவதையும் படித்து, ஒவ்வொரு அட்டவணையையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. அரசு போகுமா என்று காத்திருக்காமல் உங்கள் குறிப்புகளை எழுத்தில் அரசு வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள்.

தண்டனை வந்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை பெற்றவர் அன்றே பதவி இழப்பார்; விடுதலையான பிறகும் ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. முன்பெல்லாம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம். லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று வந்த தீர்ப்பு அந்த வழியை அடைத்தது. பதவியில் இருக்கும்போதே தகுதியிழந்த முதல் முதல்வர் ஜெயலலிதாதான். மேல்முறையீட்டில் குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வைத்தால் மட்டும் பதவி திரும்பும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வழக்கு நீதிமன்றத்தில் பதிவானதும் அதற்குப் பதினாறு இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் வரும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, அன்றைய உத்தரவு எல்லாம் இலவசமாகத் தெரியும். அந்த எண்ணைப் புகார் நகலின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் நோட்டை யார் எழுதுவது என்று இன்னொருவரை இப்போதே பேசி வைத்துக்கொண்டு, அவருடைய ஃபோனிலும் அந்த எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.